ஓட்டோஃபோகஸ் பிலிம் கமரா: எதைக் கமராவிடம் விடலாம், எதை விடக்கூடாது?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மாமா தன்னுடைய கேனன் இஓஎஸ் 300 பிலிம் கமராவை 28–80 லென்ஸோடு தந்துவிட்டுப் போயிருக்கிறார். நான் இதுவரை போனில்தான் படம் எடுத்திருக்கிறேன். இதில் என்னென்ன வசதி உண்டு? எனக்குச் சரிவருமா? (அக்கரைப்பற்று வாசகர்)

சரிவரும். 1999இல் வெளிவந்த இந்தக் கமரா பிலிம் சுற்றுவது, ஃபோகஸ், வெளிச்ச அளவு, பிளாஷ் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஃபோகஸ் எங்கே விழ வேண்டும், வெள்ளை எவ்வளவு வெள்ளையாக வர வேண்டும் என்ற இரண்டையும் அதனிடமே விட்டால் றோலில் பாதி வீண்தான்.

முதலில் பற்றரி. 3 வோல்ற் சிஆர்2 இரண்டு வேண்டும். பற்றரி இல்லாமல் இந்தக் கமராவில் எதுவுமே அசையாது. இரண்டையும் ஒரே நேரத்தில் புதிதாகப் போடுங்கள். அதே அளவில் சார்ஜ் செய்யும் பற்றரிகளும் விற்கிறார்கள். அவற்றின் வோல்ற் அளவு கூடுதலாக இருக்கலாம், வேண்டாம்.

பிலிம் போடுமுன் பின்கதவைத் திறந்து, டயலை டிவியில் (Tv, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீங்களே வைக்கும் முறை) வைத்து, 1 செக்கன் கொடுத்து அழுத்திப் பாருங்கள். ஷட்டர் முழுதாகத் திறந்து மூட வேண்டும். அதன் மெல்லிய தகடுகளில் விரல் படக்கூடாது. தகட்டில் கறுப்பாகப் பிசின்போல ஏதும் தெரிந்தால் நீங்களே துடைக்காமல் திருத்துபவரிடம் கொடுங்கள். பழைய இஓஎஸ் மாடல்களில் உள்ளே இருக்கும் நுரைத்துண்டு சூட்டிலும் ஈரத்திலும் உருகி ஷட்டரில் ஒட்டுவது தெரிந்த வியாதி. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலைபோலத் தெரிந்தால் அது பூஞ்சணம்.

பிலிம் சுருளை இடப்பக்கம் வைத்து, நுனியை வலப்பக்கத்துச் செம்மஞ்சள் குறி வரை மட்டும் இழுத்து, தொய்வில்லாமல் பார்த்து, கதவை மூடுங்கள். கமரா முழு றோலையும் ஒரேயடியாக வெளியே சுற்றிவிட்டு 36 என்று காட்டும். பிறகு நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படமும் சுருளுக்குள் போகும், எண்ணும் குறைந்துகொண்டு வரும். இது நல்ல ஏற்பாடு: இடையில் யாராவது தெரியாமல் கதவைத் திறந்தாலும், எடுத்த படங்கள் அநேகமாகத் தப்பிவிடும். எண் வராவிட்டால் நுனி பிடிபடவில்லை. எடுத்து மறுபடி போடுங்கள். சுருளிலுள்ள வெள்ளி-கறுப்புக் கட்டங்கள்தான் டிஎக்ஸ் கோடு. கமரா அதைப் படித்து ஐஎஸ்ஓவை (பிலிம் வெளிச்சத்தை உணரும் வேகத்தை) தானே வைக்கும். கட்டம் இல்லாத சுருள் என்றால் ஐஎஸ்ஓவை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

இனி ஃபோகஸ். வ்யூஃபைண்டரில் 7 புள்ளிகள் சிலுவை வடிவில் இருக்கும். பச்சைச் சதுர முறையில் கமராவே புள்ளியைத் தெரிவுசெய்யும். பெரும்பாலும் கிட்ட இருப்பதையே பிடிக்கும். வாவிக்கரையில் நின்று தோணிக்காரரை எடுக்கிறீர்கள், முன்னால் ஒரு கண்ணா மரக் கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால், கிளை துல்லியமாக வரும், தோணிக்காரர் மங்கிவிடுவார். அதனால் டயலை ‘பி’க்கு (P, புரோகிராம் முறை) திருப்புங்கள். பின்பக்கத்து ஃபோகஸ் புள்ளிப் பட்டனை அழுத்தி, மேலுள்ள சில்லைச் சுழற்றி நடுப்புள்ளியை மட்டும் வையுங்கள். ஏழில் அதுதான் நிலைக்கோடு, கிடைக்கோடு இரண்டையும் உணரும் புள்ளி. அதை முகத்தில் வைத்து ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள். பச்சைப் பொட்டு எரிந்ததும் விரலை எடுக்காமல் கமராவை நகர்த்திப் படத்தை அமைத்து, முழுதாக அழுத்துங்கள். பொட்டு மினுங்கினால் ஃபோகஸ் கிடைக்கவில்லை. வெறும் வானம், வெள்ளைச் சுவர், அசையாத தண்ணீர் எதிலும் அது பிடிக்க ஒரு விளிம்பு இருக்காது. அதே தூரத்திலுள்ள ஒரு தூண் அல்லது வரம்பின் ஓரத்தில் பிடித்துவிட்டுத் திரும்புங்கள்.

வெளிச்சமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். பாசிக்குடா மணலும் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையும் அழுக்காக வருவது அதனால்தான். ஏவி கூட்டல்-கழித்தல் (Av+/-) பட்டனை அழுத்தியபடி சில்லைச் சுழற்றி +1 (ஒரு படி கூடுதல் வெளிச்சம்) வையுங்கள். முடிந்ததும் பூச்சியத்துக்குத் திருப்ப மறக்கவேண்டாம், மறப்பவர்களே அதிகம். கலர் நெகடிவ் பிலிம் வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. ஆகவே சந்தேகம் என்றால் கூட்டுங்கள்.

பிளாஷ் சின்னது. ஐஎஸ்ஓ 100இல் அதன் வழிகாட்டி எண் 12. 12ஐ எஃப் எண்ணால் (லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எண், எண் சின்னதென்றால் துளை பெரிது) பிரித்தால் எட்டும் தூரம்: எஃப் 4இல் 3 மீற்றர், ஐஎஸ்ஓ 400 பிலிமில் 6 மீற்றர். பச்சை முறையில் வெளிச்சம் குறைந்தால் அது கேட்காமலே எழும்பும். கண்ணகி அம்மன் சடங்கில் குளிர்த்தி நேரத்தில் அப்படி எழும்பினால் பக்கத்தில் நிற்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். ‘பி’யில் நீங்கள் அழுத்தினால்தான் எழும்பும். ஆனால் விளக்கு வெளிச்சத்துக்கு உங்கள் லென்ஸ் போதாது. எஃப் 2இல் 1/60 செக்கன் கிடைக்கும் இடத்தில், 80இல் வைத்த அந்த லென்ஸின் எஃப் 5.6 வெறும் 1/8தான் தரும், கை ஆடிவிடும். இஎஃப் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் ஒன்று தேடுங்கள். டிஜிட்டல் கமராக்களுக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் இதில் பொருந்தாது.

முதல் றோலுக்கு ஐஎஸ்ஓ 400 எடுங்கள். ஷட்டர் 1/2000 வரை போகும் என்பதால் வட்டைக்குள் நண்பகல் வெயிலையும் சமாளிக்கும். வாங்குமுன் கழுவித் தருபவர் யார், சி-41 முறையில் (கலர் நெகடிவ் கழுவும் வழமையான முறை) செய்கிறாரா என்று விசாரியுங்கள். சினிமா பிலிமை வெட்டிச் சுற்றிய சுருளைச் சாதாரண லாபில் எடுக்கமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது பிலிம் கொண்டுவருவதென்றால் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏற்றும் பெட்டிகளுக்கான ஸ்கேனர் பிலிமை மூட்டமடிக்க வைத்துக் கெடுத்துவிடும். வீட்டில் காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் பையைத் திறக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். எடுத்து முடித்த றோலை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டுவிட்டு வெயிலில் நிற்காதீர்கள். மாரி தொடங்கியதும் கமராவைத் தோல் உறையிலிருந்து எடுத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சணத்தை வளர்க்கும்.