டிஎல்எல் லாக் ஆன பிறகும் ஜிட்டர் குறையவில்லை. மெமரி சர்க்யூட்டில் கிளாக் ஆடாமல் நிற்க என்ன செய்யலாம்?

நீங்கள் கடைசி வருட ப்ராஜெக்டுக்கு சிமுலேஷன் ஓட்டும் மாணவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். டிஎல்எல் என்பது கிளாக்கைத் தேவையான அளவு தாமதப்படுத்தி, சரியான நேரத்தோடு ஒட்டி நிறுத்துகிற (அதாவது லாக் ஆகிற) லூப். அப்படியும் கிளாக் விளிம்பு முன்னும் பின்னும் ஆடுவதுதான் ஜிட்டர். லூப்பை நோண்டுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து கிளாக் மேல் வரும் புகாரில் பெரும்பகுதி அங்கேதான் போய் முடிகிறது.

நான் காரைக்குடியில் தொழிற்சாலை போர்டுகள் பழுது பார்க்கிறவன். தேவகோட்டைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கலர் சார்ட்டர், அதாவது நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் மெஷின், மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள். அரிசி மேலிருந்து சரிந்து விழும்போது கேமரா கறுப்பு மணியைப் பார்க்கும். உடனே ஒரு வால்வு திறந்து காற்றடித்து அதைத் தள்ளிவிடும். நடுவே படத்தை வைத்துக்கொள்வது எஃப்பிஜிஏ என்கிற, நாமே புரோகிராம் செய்துகொள்ளும் லாஜிக் சிப்பும், டிடிஆர்3 வகை ரேம் ஒன்றும். மெஷின் சும்மா ஓடினால் நாள் முழுக்க ஒன்றும் ஆகாது. அரிசியைக் கொட்டினால் படத்தில் கோடு விழும், நல்ல அரிசியும் சேர்ந்து கழிவில் போகும், அப்புறம் அப்படியே நின்றுவிடும்.

விற்ற கம்பெனி போனிலேயே ரேம் டூப்ளிகேட் என்று சொல்லி, மாற்றவும் வைத்திருந்தது. சரியாகவில்லை. அடுத்து வெயிலைக் காரணம் சொன்னார்கள். “தம்பி, நம்ம ஊரு சூட்டுக்கு இந்த மெஷினே ஆகாதாமே” என்று முதலாளி என்னிடம் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சூடு மெதுவாக ஏறும். ரேமுக்குள் இருக்கிற டிஎல்எல் அந்த வேகத்துக்குத் தாராளமாக ஈடுகொடுக்கும். அரிசி விழுந்தால் மட்டும் வருகிற கோளாறுக்கு வெயில் எப்படிக் காரணமாகும்?

ஆஸிலோஸ்கோப் ப்ரோபின் நீள கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றிவிட்டு, குட்டி ஸ்பிரிங்கைப் போட்டு, ரேமை ஒட்டிய கெபாசிட்டரின் இரண்டு முனையிலும் நேராக வைத்தேன். வால்வு சிக்னலில் ட்ரிகர். டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், 1.425-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு வால்வு அடித்தால் சின்ன நடுக்கம்தான். ஐந்தாறு வால்வு சேர்ந்து அடிக்கும்போது 1.4-க்கும் கீழே குத்திவிட்டு எழுந்தது. வால்வுகளின் கரண்ட் திரும்பிப் போகிற அதே ஒல்லி கிரவுண்ட் ஒயரில்தான் லாஜிக் போர்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வால்வுக்குத் தனி ரிட்டர்ன் ஒயர் இழுத்து, ரேம் பக்கத்தில் செராமிக் கெபாசிட்டர்கள் சேர்த்தேன். கிளாக்கையும் டைமிங்கையும் தொடவே இல்லை. மெஷின் அன்று முதல் ஒழுங்காக ஓடுகிறது.

அந்தக் கெபாசிட்டருக்காக நான் பெங்களூருக்கு ஆர்டர் போட்டுக் காத்திருந்ததையும் சொல்லியாக வேண்டும். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. அழகப்பச் செட்டியார் அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1952-லிருந்து பொறியியல் கல்லூரி இருக்கிறது. இத்தனை இருந்தும் போர்டின் மேல்பரப்பிலேயே சால்டர் செய்கிற உருப்படியான ஒரு எஸ்எம்டி கெபாசிட்டரைக் கடையில் கேட்டு வாங்க முடியவில்லை. ஆத்தங்குடி டைல்ஸையும் தேக்குத் தூணையும் படம் எடுக்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இங்கே போர்டு பார்க்கிறேன் என்றால் “சென்னை ஆபீஸ் எங்கே சார்?” என்று கேட்கிறார்கள். இது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிஎல்எல்லில் கிளாக்கைத் தாமதப்படுத்தும் டிலே லைன் என்பது வரிசையாக வைத்த இன்வெர்ட்டர் கேட்டுகள்தான். வோல்டேஜ் இறங்கினால் டிலே கூடும். இரண்டு கிளாக்கையும் ஒப்பிடுகிற ஃபேஸ் டிடெக்டர் அதைப் பார்த்துத் திருத்தும், ஆனால் அதன் அப்டேட் வேகத்துக்கு உட்பட்டுத்தான். அதைவிட வேகமாக வந்து போகும் இரைச்சலை லூப் பிடிக்க முடியாது. அது அப்படியே ஜிட்டராக வெளியே வரும். 400 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஒரு சுற்று 2.5 நானோசெகண்ட், ஒரு டேட்டா பிட்டுக்கு 1.25. அதில் முன்னூறு நானூறு பிகோசெகண்ட் நழுவினால் என்ன மிஞ்சும்? டிடிஆர்2-வில் டிஎல்எல்லுக்கென்றே விடிடிஎல் என்று தனி சப்ளை பின் வைத்திருந்தார்கள். டிடிஆர்3-ல் அந்தப் பின் கிடையாது. போர்டு போடுகிறவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர்டு பார்க்கிறவனுக்கு ஐசி டிசைன் என்ன தெரியும் என்று யாராவது கேட்பார்கள். நான் ஐசி டிசைனர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. லூப்பில் தப்பே இருக்காது என்றும் சொல்லவில்லை. கிளாக் முந்துகிறதா பிந்துகிறதா என்று மட்டும் சொல்லுகிற பேங்-பேங் டிடெக்டர் என்றால் லாக் ஆன பிறகும் ஒரு ஸ்டெப் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பல சுற்றுகளின் முடிவைச் சேர்த்துப் பார்த்துவிட்டு நகர்த்தும் ஃபில்டர் வைத்தால் அது குறையும். டிலே மிகக் குறைவான இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு முழுச் சுற்று தள்ளிப் போய் லாக் ஆகிவிடும். லூப்புக்குள் அவுட்புட் டிரைவரின் டிலேக்கு நகலாக வைக்கிற ரெப்ளிகா, நிஜ டிரைவரைப் போலவே வோல்டேஜுக்கும் சூட்டுக்கும் மாற வேண்டும்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் ஒரு சிமுலேஷன் ஓட்டுங்கள். சுத்தமான டிசி சோர்ஸை எடுத்துவிட்டு, அதன் மேல் 5 சதவீத சதுர அலை ஏற்றுங்கள். அலையின் வேகத்தை லூப்பின் அப்டேட் வேகத்துக்குக் கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை வையுங்கள். மேலே வைக்கும்போது மட்டும் ஜிட்டர் எகிறினால் டிலே லைனுக்குத் தனி ரெகுலேட்டர் கொடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு ஆடினால் ஃபில்டர் பக்கம் போங்கள்.