வாசகர் கேள்வி: அகதா கிறிஸ்டி நம்மை ஏமாற்றிவிட்டாரா?

(‘ரோஜர் ஏக்ராய்டின் கொலை’ நாவலை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடவும். முடிவு முழுக்க வெளியே வருகிறது.)

கேள்வி: கதையைச் சொல்லிக்கொண்டு வந்த டாக்டர் ஷெப்பர்டே கொலையாளி என்றதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சொல்பவரே மறைத்தால் வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 1926இல் நாவல் வெளிவந்தபோதே இந்தச் சண்டை நடந்தது. எல்லோரையும் சந்தேகிப்பது வாசகரின் வேலை என்று சக துப்பறியும் நாவலாசிரியர் டாரதி சேயர்ஸ் கிறிஸ்டிக்காகப் பேசினார். முடிவு நியாயமானது என்றே நாமும் சொல்வோம். ஷெப்பர்ட் மற்றவர்களிடம் வாய்விட்டுப் பொய் சொல்கிறார். நமக்கு எழுதும் வரிகளில் சொல்வதில்லை. சிலவற்றை எழுதாமல் விடுகிறார், அவ்வளவுதான்.

நான்காம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களை மறுபடி எடுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பவர் யார் என்று சொல்லும் கடிதம் ஏக்ராய்டுக்கு வந்தது 8.40க்கு, ஷெப்பர்ட் அவர் அறையை விட்டுக் கிளம்பியது 8.50க்கு. நடுவில் என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்து, செய்யாமல் விட்டது ஏதும் உண்டா என்று யோசிக்கிறார். நண்பர்மீது அக்கறை என்று முதலில் படித்த அதே வரி, இப்போது குளிரெடுக்க வைக்கும். வெளிகேட்டை அடையும்போது மணி ஒன்பது அடிக்கிறது. அது ஐந்து நிமிட நடை. மீதி ஐந்து நிமிடத்தைக் கேட்பவர் துப்பறிவாளர் பொய்ரோ மட்டும்தான்.

பிணத்தைக் கண்டதும், செய்ய வேண்டியிருந்த கொஞ்ச வேலையைச் செய்ததாக எழுதுகிறார். பட்லர் பார்க்கரைப் போலீசுக்கு ஃபோன் செய்ய அனுப்பிவிட்டு, டிக்டாஃபோனை (பேச்சைப் பதிந்து திரும்பச் சொல்லும் இயந்திரம்) பைக்குள் போட்டதும், அதை மறைத்திருந்த பெரிய நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளியதும்தான் அந்தக் கொஞ்ச வேலை. நாற்காலி நகர்ந்ததைப் பார்க்கர் கவனித்துச் சொல்லிவிடுகிறார். பணத்தேவைக்கும் துப்பு உண்டு: மூன்றாம் அத்தியாயத்திலேயே, கைக்கு வந்த சொத்தை ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் விட்டதைப் பொய்ரோவிடம் ஒப்புக்கொள்கிறார்.

குறை சொல்வதானால் டிக்டாஃபோனைச் சொல்லலாம். கம்பெனி ஆள் வந்துபோனது, மூடிய கதவுக்கு வெளியே கேட்ட பேச்சு கடிதம்போல விறைப்பாக இருந்தது, டாக்டருக்கு இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டும் பழக்கம் உள்ளது எல்லாமே முன்பே வந்துவிடுகின்றன. ஆனால் ஏக்ராய்டு உயிரோடு இருப்பதுபோலக் காட்ட, குறித்த நேரத்தில் அவர் குரலில் தானே பேசும்படி அதை மாற்றியமைத்தார் என்பதை வாசகர் ஊகித்தே ஆகவேண்டும். அங்கே கொஞ்சம் இழுவைதான்.

கேள்வி: மற்ற துப்பறியும் நாவல்களின் முடிவை எப்படி எடைபோடுவது?

பதில்: துப்பறிவாளர் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டும் இடத்துக்கு முன் புத்தகத்தை மூடுங்கள் (ஏக்ராய்டில் 22ஆம் அத்தியாய முடிவு). யார், எப்போது, எப்படி என்று உங்கள் ஊகத்தைப் பக்க எண்ணோடு எழுதிவையுங்கள். படிக்கும்போதே நேர அட்டவணை போட்டிருந்தால் இன்னும் நல்லது: எந்த மணிக்கு யார் எங்கே, அதைச் சொன்னது யார். ‘சொன்னது யார்’ என்ற கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஒன்பதே முக்காலுக்கு ஏக்ராய்டு உயிரோடு இருந்தார் என்பதற்கு அவருடைய சகோதரர் மகள் ஃப்ளோரா என்ற ஒரே ஒருத்தியின் வாய்மொழிதான் ஆதாரம், அதுவும் பொய்.

முடிவைப் படித்தபின், விளக்கத்தில் வரும் ஒவ்வொரு தடயத்துக்கும் முன்பக்கம் தேடுங்கள். விளக்கத்தில்தான் முதல்முறை தலைகாட்டுகிறது என்றால் ஆசிரியர்மேல் தாராளமாகக் கோபப்படலாம். துப்பறியும் கதைகளுக்காக எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் எழுதிய பத்து விதிகளில், யாரும் அறியாத விஷமும் முன்னறிவிப்பில்லாத இரட்டையரும் கூடாது என்றது இதற்காகத்தான்.