ஆலயத்தில் ஓடுகிற பிள்ளை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நான்கு வயது. ஆலயத்துக்குள் நுழைந்ததும் என் கையை உதறிவிட்டு ஓடுவாள். பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்துபோய், பின்வரிசையில் இருக்கும் ஒரு பாட்டியின் மடியில் ஏறிக்கொள்வாள். எல்லோரும் பாடி முடித்த பிறகும் அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். போன வாரம் பெரியவர் ஒருவர், "இது தேவனுடைய வீடு, விளையாடுகிற இடம் இல்லை" என்றார். ஆராதனை முடியும்வரை அவளோடு வெளியே நின்றேன். விவரம் தெரிகிற வயது வரும்வரை அவளைக் கூட்டிப் போகாமல் இருந்துவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம், கூட்டிப் போங்கள்.

அந்தப் பாட்டியின் மடி வருகிற இடத்தை இரண்டு முறை படித்தேன். மனம் நிறைந்துபோனது. பழகாத இடத்தில் குழந்தை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டுதான் நிற்கும். தனக்கென்று ஒரு மடி காத்திருக்கிறது என்று தெரிந்த இடத்தில்தான் கையை உதறிவிட்டு ஓடும். உங்கள் மகளுக்கு அது தெரிந்திருக்கிறது.

பெரியவர் சொன்னதும் சரியான வார்த்தைதான்: வீடு. வேதாகமத்தின் 84ஆம் சங்கீதத்தில் அடைக்கலான் குருவிக்கு வீடு கிடைக்கிறது, தகைவிலான் குருவிக்குத் தன் குஞ்சுகளை வைக்கும் கூடு கிடைக்கிறது. எங்கே? தேவனுடைய பீடங்களண்டையில். குஞ்சுகள் இருக்கும் கூட்டில் சத்தம் இல்லாமல் இருக்குமா?

சாமுவேலை நினைத்துப் பாருங்கள். சீலோவில், தேவனுடைய பெட்டி இருந்த ஆலயத்திலேயே அந்தப் பிள்ளை படுத்துத் தூங்கினான். இரவில் தன் பெயரைக் கேட்டதும் அங்கே ஆசாரியராக இருந்த ஏலியிடம் ஓடினான். நடந்து போகவில்லை, ஓடினான் என்றே எழுதியிருக்கிறது. ஏலி வயதானவர், கண் மங்கிப்போனவர். இரண்டு முறை தூக்கம் கெட்டும் கடிந்துகொள்ளவில்லை. நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்றார். மூன்றாம் முறை வந்தபோதுதான், பிள்ளையைக் கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று அவருக்கே புரிந்தது. முதல் முறையே அதட்டி அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளை மறுபடி வந்திருப்பானா? விடிந்ததும் ஆலயத்தின் கதவுகளைத் திறந்தவனும் சாமுவேல்தான். வீட்டுப் பிள்ளை செய்கிற வேலை அது.

மத்தேயு 21ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். இயேசு ஆலயத்தில் காசு மாற்றுகிறவர்களின் பலகைகளைக் கவிழ்த்து, விற்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் துரத்துகிறார். அதே ஆலயத்தில் பிள்ளைகள் 'ஓசன்னா' என்று அவரைப் புகழ்ந்து ஆர்ப்பரிக்கிறார்கள். பிரதான ஆசாரியருக்குக் கோபம் வருகிறது. இயேசுவோ பிள்ளைகளின் பக்கம் நின்று பேசுகிறார். அவர் வெளியே அனுப்பியவர்களில் பிள்ளைகள் இல்லை.

பயபக்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபவேளையில் அமைதியாக இருக்க அவள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று அதைக் கற்க முடியாது. பெரியவர்கள் கண்மூடி நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துத்தான் அது வரும். ஒன்று செய்து பாருங்கள்: முன்வரிசையில் உட்காருங்கள். பின்னால் இருக்கும் குழந்தைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் முதுகுதான். என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தால் பாதி நேரம் தானாகவே அமைதியாகிவிடுவாள். அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள், அழுகை நின்றதும் உள்ளே வந்துவிடுங்கள். திரும்பி வருவதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

அந்தப் பெரியவர் மேல் வருத்தம் வைக்காதீர்கள். அவருக்கும் அந்த ஆலயம் உயிர். அடுத்த வாரம் ஆராதனை தொடங்குமுன் மகளை அவரிடம் கூட்டிப்போய் வணக்கம் சொல்ல வையுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு பாட்டுக்கு மட்டும் அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாட்டுப் புத்தகத்தில் எண்ணைப் பார்த்து அவர் பாட்டை எடுக்கட்டும். புத்தகத்தின் மறுபக்கத்தை அவள் பிடித்துக்கொள்ளட்டும்.