கானலோனிக்கு சீஸ் வாங்கப் போறவங்க கவரத் திருப்பிப் பாத்து வாங்குங்க

கேள்வி: எக்கா, பாளையங்கோட்டைலருந்து எழுதுதேன். பிள்ளைங்களுக்கு லீவு, கானலோனி பண்ணித் தாங்கன்னு ஒரே பிடிவாதம். அதான், குழாய் மாதிரி பாஸ்தாக்குள்ள சீஸ் அடைச்சு, மேல சாஸும் சீஸும் போட்டு ஓவன்ல வைப்பாங்கல்லா அது. பேக்கரி சாமான் கடையில மொசரெல்லா கேட்டேன். ஃப்ரீசர்லருந்து வெள்ளக் கவர்ல ஒரு கட்டி எடுத்துக் குடுத்தாவ, கவர்ல பேரும் இல்ல ஒண்ணும் இல்ல, வெல மட்டும் மத்த கடைய விட பாதி. வீட்டுல பண்ணுனா மேல எண்ணெய் மிதக்கு, சீஸ் தோலு மாதிரி காஞ்சு போச்சு, ஆறுன பொறவு நாக்குல மெழுகு ஒட்டுன மாதிரி இருக்கு. கடையில போய் கேட்டா ஓவன்ல கூட நேரம் வச்சிருப்பீங்கன்னு சொல்லிட்டாவ. தப்பு எம்மேலயாக்கா?

பதில்: தங்கச்சி, எண்ணெய் மிதந்தத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது, ஏன்னா நல்ல மொசரெல்லாவுமே சூடு கூடிப்போனா கொழுப்பக் கக்கத்தான் செய்யும். ஆனா ஆறுன பொறவு மெழுகு மாதிரி ஒட்டுதுன்னு சொன்னீங்க பாத்தீங்களா, வெலயும் பாதிங்கிறீங்க, அப்ப எனக்கு பாமாயில் மாதிரி வெஜிடபிள் ஃபேட் மேலதான் சந்தேகம். பால் கொழுப்புக்கு பதிலா இந்த எண்ணெய சேத்து செய்யுறதுக்கு அனலாக்னு பேரு. அத விக்கிறது குத்தமில்ல, ஆனா சீஸ்னோ மொசரெல்லான்னோ பேரு சொல்லி விக்க கூடாது, நாட்டோட உணவு பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ, அவங்க ரூல் அப்படித்தான் இருக்கு. நீங்க மொசரெல்லா கேட்டு அவங்க அனலாக்க குடுத்திருந்தா தப்பு கடைக்காரர் மேல, உங்க ஓவன் மேல இல்ல.

தோசக்கல்லுல ஒரு துண்டு போட்டுப் பாருங்க, இழுத்தா ஒரிஜினல்னு சில பேரு சொல்லுதாங்க, அத நம்பாதீங்க. சில அனலாக் நல்லாவே இழுக்கும். வாங்கும்போதே கண்டுபிடிக்க கவர்ல இருக்க எழுத்துதான் ஒரே வழி. முன்பக்கம் பீட்சா படம், நூலு நூலா இழுக்குற சீஸு எல்லாம் போட்டிருப்பாங்க, அத விட்டுட்டு பின்பக்கம் சேர்மானம் என்னன்னு பாருங்க. எது எடை கூடுதலோ அதுதான் மொதல்ல வரும், இதுவும் ரூல்தான். நல்ல மொசரெல்லான்னா பால், உப்பு, கல்ச்சர் (பால புளிக்க வைக்கிற நுண்ணுயிர்), ரென்னட் (பால திரிய வைக்கிறது), அவ்வளவுதான் பெரும்பாலும் இருக்கும். 'எடிபிள் வெஜிடபிள் ஆயில்', 'வெஜிடபிள் ஃபேட்'னு வார்த்த இருந்தா கீழ வச்சிருங்க. ப்ராசஸ்டு சீஸ்னு போட்டிருந்தா அது பால் சீஸ்தான், ஆனா எமல்சிஃபையர் உப்பு சேத்து காய்ச்சுனது, க்ரீம் மாதிரி உருகுமே தவிர நூலு வராது, சாண்ட்விச்சுக்கு சரி, கானலோனி மேல போட சரிப்படாது. துருவி வச்ச பாக்கெட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பாங்க, கெடுதி இல்ல, ஆனா கட்டியா வாங்கி நாமளே துருவுனாதான் ஒண்ணா உருகி நல்லா வரும்.

பெரிய கட்டிய வெட்டி பேரில்லாத கவர்ல முன்னமே போட்டு வச்சு விக்கிறதே தப்புதான். பாக்கெட் பண்ணுன சாப்பாட்டு சாமான்னா பேரு, சேர்மானம், தேதி, 14 இலக்க லைசென்ஸ் நம்பர் எல்லாம் இருக்கணும். அடுத்த தடவ போனா 'இது எந்த கட்டியிலருந்து வெட்டுனது, அந்த அட்டைப்பெட்டிய காட்டுங்க அண்ணாச்சி'ன்னு மெதுவாக் கேளுங்க. காட்ட மாட்டேன்னா வாங்காதீங்க. சந்தேகம் தீரலேன்னா மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலர்ட்ட எழுதிக் குடுக்கலாம். அதுபோக 2006 உணவு பாதுகாப்பு சட்டத்துல 40ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, வாங்குற நாமளே ஃபீஸ் கட்டி சோதனைக்கு குடுக்கலாம், தப்புன்னு வந்தா கட்டுன ஃபீஸ் திரும்ப வரும். ஆனா வாங்கும்போதே கடைக்காரர்ட்ட சோதனைக்கு அனுப்பப் போறேன்னு சொல்லியாகணும், அத நெறைய பேரு விட்டுருதாங்க. அரசு உணவு பகுப்பாய்வு கூடம் உங்க பாளையங்கோட்டைலயே இருக்கு, மதுரைக்கு அலைய வேண்டாம்.

கேள்வி: குழாய்க்குள்ள அடைக்க ரிக்கோட்டா சீஸ் தேடுனேன், டவுன்லயும் இல்ல, ஜங்ஷன் பக்கமும் இல்ல. ஆன்லைன்ல குட்டி டப்பாக்கு அவ்வளவு துட்டு சொல்லுதான். அதுக்கு பதிலா கடை பன்னீர உதுத்துப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனா வேண்டாம். கடை பன்னீர் அழுத்தி தண்ணி எடுத்தது, ஓவன்ல வச்சா இன்னும் காஞ்சு மணல் மாதிரி நறநறன்னு ஆயிரும். இத்தாலில ரிக்கோட்டான்னா சீஸ் எடுத்த பொறவு மிஞ்சுற மோர்த்தண்ணிய திரும்ப காய்ச்சி எடுக்குறது, அந்த பேருக்கே 'திரும்ப காய்ச்சுனது'ன்னுதான் அர்த்தம். நம்ம வீட்டுல முழுப்பாலுலயே பண்ணிரலாம், துட்டு செலவழிக்க வேண்டிய எடம் உள்ள வைக்கிற சீஸ் இல்ல, மேல போடுற சீஸ்தான்.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட் 2 லிட்டர் வாங்குங்க. அது ஃபுல் க்ரீம், கொழுப்பு 6 சதவீதம். டோன்டு பால் வாங்குனா வெல கொறையும், ஆனா அதுல 3 சதவீதந்தான் கொழுப்பு, திரளுறதும் கொறயும் வழவழப்பும் வராது, அப்ப மிச்சம் பிடிச்ச துட்டு எங்க போச்சு? பால் பொங்கி வரும்போது அடுப்ப அணைச்சிட்டு ரெண்டு எலுமிச்சம்பழத்த பிழிஞ்சு கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க. பச்சத்தண்ணி மாதிரி லேசா மஞ்சப் பச்சையா தெளிஞ்சு வந்ததும் நிறுத்திருங்க, அதுக்கு மேல ஊத்துனா புளிச்சிரும். பத்து நிமிஷம் அப்படியே விட்டுட்டு பழைய வேட்டித்துணியில வடிகட்டுங்க. கட்டித் தொங்க விடாதீங்க, மேல கல்லும் வைக்காதீங்க. கால் மணி நேரம் கழிச்சு கரண்டியில எடுத்தா இட்லி மாவு மாதிரி சொத்துன்னு விழணும், அதான் பதம். 2 லிட்டருக்கு சுமாரா 400 கிராம் பக்கம் கெடைக்கும், 12 குழாய்க்கு போதும். வடிஞ்ச தண்ணிய கீழ ஊத்திராதீங்க, சப்பாத்தி மாவு பெசைய அவ்வளவு நல்லாருக்கும்.

அதுல உப்பு, மிளகுப்பொடி, வேக வச்சு நல்லா பிழிஞ்ச பாலக்கீரை, ஜாதிக்காய கொஞ்சூண்டு உரசிப் போட்டா போதும். நான் எப்பமும் குத்தாலம் போறப்ப ஜாதிக்கா வாங்கிட்டு வந்து வச்சிருவேன், பொடியா வாங்குறதுல அந்த வாசம் இல்ல. அடைக்கதுக்கு தனியா பை எல்லாம் வாங்க வேண்டாம், அந்த பால் கவரையே கழுவித் தொடச்சு மூலைய வெட்டி உள்ள போட்டு அமுக்குனா குழாய்க்குள்ள அழகா எறங்கும். ஒரு பக்கம் வெரல வச்சு அடைச்சுக்கிடுங்க.

கேள்வி: ஆன்லைன்ல கானலோனி டப்பா போட்டேன், இறக்குமதி சரக்கு, வந்து பாத்தா பாதிக்கு மேல நொறுங்கிக் கெடக்கு. ரிட்டர்ன் கெடையாதுங்கான். என்ன செய்ய?

பதில்: டப்பாவ அப்படியே போட்டோ எடுங்க, வந்த அட்டையோட. அதே தளத்துல குறைதீர் அலுவலர்னு ஒருத்தர் பேரு இருக்கும், 2020 இ-காமர்ஸ் ரூல்படி அவரு 48 மணி நேரத்துல உங்க புகார் வந்துச்சுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். சேதமாகி வந்த பொருள ரிட்டர்ன் இல்லைன்னு ஒரு வரியில ஒதுக்கிர முடியாது. கேக்கலேன்னா 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மசியலேன்னா நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், நீங்க குடியிருக்க ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே இல்ல.

பிள்ளைங்க அதுக்குள்ள கேப்பாங்கல்லா, அதுக்கும் வழி இருக்கு. லசான்யா ஷீட், அதான் பட்டையா தகடு மாதிரி இருக்க பாஸ்தா, கெடைச்சா வேக வச்சு பாய் சுருட்டுற மாதிரி சுருட்டிருங்க. அதுவும் இல்லேன்னா மைதா, முட்டை, பால், உப்பு கரைச்சு தோசக்கல்லுல மெலிசா ஊத்தி எடுங்க. இது ஏமாத்து வேலை இல்ல, இத்தாலிலயே க்ரெஸ்பெல்லேன்னு பேரு வச்சு இதுக்குள்ள ரிக்கோட்டாவும் கீரையும் வச்சு சுருட்டி பேக் பண்ணுவாங்க. தோசை ஊத்திப் பழகுன கைக்கு இது ரொம்ப லேசு, எனக்கு டப்பா குழாய விட இதுதான் பிடிக்கும்.

கேள்வி: எங்க வீடு சைவம். மேல தூவ பார்மசான் வாங்கலாமா?

பதில்: இத்தாலிலருந்து வர்ற ஒரிஜினல் பார்மசான், அதாவது பார்மிஜானோ ரெஜ்ஜானோ வேண்டாம், அதுல பால திரிய வைக்கிறது கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்குற ரென்னட், அவங்க சட்டமே அதான். மைக்ரோபியல் ரென்னட்னு (நுண்ணுயிர்லருந்து எடுக்குறது) போட்டு பச்சப் புள்ளி இருக்கதா பாத்து எடுங்க. பாஸ்தாலயும் பாருங்க, சிலதுல முட்டை சேப்பாங்க, அப்ப பச்சப் புள்ளி இருக்காது.

கேள்வி: எங்கிட்ட சாதா மைக்ரோவேவ்தான் இருக்கு. அதுல வருமா?

பதில்: வேகும், ஆனா மேல செவக்காது. கன்வெக்ஷன் (சூடான காத்து சுத்துறது) இருக்க மைக்ரோவேவோ ஓடிஜியோ (கரண்ட்ல ஓடுற சின்ன ஓவன்) வேணும். இதுக்காக மட்டும்னா புதுசு வாங்காதீங்க, பக்கத்து வீட்டுல இருந்தா அரை மணி நேரம் கேளுங்க. டப்பா குழாயன்னா வேக வைக்காம அடைச்சிருப்போம்லா, அதனால சாஸ தண்ணியா வச்சு குழாய் முங்குற அளவுக்கு ஊத்தி, ஃபாயில் மூடி 180 டிகிரில 30 நிமிஷம். பொறவு தொறந்து துருவுன மொசரெல்லா 200 கிராம் போட்டு இன்னொரு 10 நிமிஷம். எடுத்த உடனே வெட்டாதீங்க, கொஞ்சம் ஆற விட்டா உள்ள இருக்க சீஸு ஓடாம நிக்கும்.