பௌ திரஸ்டரை ஓட்டியதும் விளக்கு மங்குவது ஏன்?

டர்பன் துறைமுகத்தில் பயிற்சியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. பௌ திரஸ்டர் என்பது கப்பலின் முன்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறி; அதைச் சுழற்றுவது ஒரு பெரிய மின்மோட்டார்.

கரையில் நாடு முழுவதற்குமான மின்வலை தாங்குகிறது. கப்பலில் இருப்பதோ இரண்டு மூன்று ஜெனரேட்டர்தான். பெரிய மோட்டாரை நேரடியாகக் கிளப்பினால் வழக்கமான முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். சுவிட்ச்போர்டு முன்னால் நின்று பாருங்கள்: அம்மீட்டர் முள் துள்ளி மேலே போகும், வோல்ட்மீட்டர் முள் சரியும். அந்த நொடியில்தான் விளக்கு மங்குகிறது.

சரி, அதோடு முடிவதில்லை. சுமை ஜெனரேட்டரைச் சுழற்றும் டீசல் எஞ்சின் மேல் விழுந்து அதன் வேகம் குறைகிறது; எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற கருவி எரிபொருளைக் கூட்டும்வரை மின்சாரத்தின் அலைவெண் 60 ஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் இறங்கும். அதே மின்சாரத்தில் ஓடும் கடல்நீர் பம்பும் மெதுவாகும். எஞ்சின் அதிகமாகச் சூடாகும் நேரத்தில் குளிர்விக்கும் நீர் குறைகிறது! சில நொடி என்றால் பாதகமில்லை, நீடித்தால் ஆபத்து. சிட்ரஸ் சீசனில் பழங்களைக் குளிரில் வைக்கும் ரீஃபர் பெட்டிகள் நிறைய ஏறியிருந்தால் கையிருப்பு மின்திறன் இன்னும் சுருங்கும்.

அதனால்தான் இன்னொரு ஜெனரேட்டரை முன்கூட்டியே இணைக்கிறோம். அப்படியும் சுமை மிஞ்சினால் ஏசி, சமையலறை போன்றவை முதலில் தானாகத் துண்டிக்கப்படும். சுக்கானைத் திருப்பும் ஸ்டீயரிங் பம்பை மட்டும் தொடமாட்டார்கள்.