கவர்னரின் பெட்டியில் இருந்த தாள்

வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் பிரிட்டன் கைதிகளைக் கொண்டு அமைத்த நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் முதல் கவர்னர் ஆர்தர் பிலிப்புக்கு, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் 1787 ஏப்ரல் 25 அன்று தரப்பட்ட அறிவுறுத்தல்களை அண்மையில் படித்தேன். பூர்வகுடிகளோடு பழக வழி தேடு, அவர்கள் அன்பைப் பெறு, அவர்களைக் காரணமின்றிக் கொல்கிறவனைத் தண்டி என்றெல்லாம் இருக்கிறது. லண்டனின் நோக்கம் நல்லதாகத்தான் இருந்திருக்கிறது, போனவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். சரிதானா? கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிற தூரத்தில் இருந்த ஒருவரை அந்தத் தாள் உண்மையில் கட்டுப்படுத்தியதா என்பதும் என் கேள்வி.

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் சொல்லும் பத்தி இருப்பது உண்மை. ஆனால் அதை மட்டும் தனியே எடுத்துப் படிக்காதீர்கள். அரசாங்கக் காகிதத்தில் எங்கே கணக்கு வருகிறது, எங்கே வெறும் நல்ல வார்த்தை வருகிறது என்று பார்ப்பது என் வழக்கம். அரசு எதை முடித்தே தீர வேண்டும் என்று நினைக்கிறதோ, அங்கே அளவும் கெடுவும் தானாக வந்துவிடும்.

அதே அறிவுறுத்தல்களில் நிலம் பற்றிய பகுதியைப் பாருங்கள். நன்னடத்தைக்காக விடுவிக்கப்படும் ஆண் கைதிக்கு 30 ஏக்கர். மணமானவன் என்றால் கூடுதலாக 20. உடன் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 10. பத்து வருடங்களுக்கு வரி, வாடகை எதுவும் கிடையாது. ஆனால் அவன் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். அந்த நிலத்தில் கப்பற்படைக்கு உதவும் மரம் வளர்ந்தால் அது மன்னருக்கு. இன்னும் நடாத மரத்தைக்கூட விடவில்லை! அந்த 30 ஏக்கர் யாருடையது, யாரிடம் கேட்டு எடுப்பது என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

லண்டனுக்கு அது தோன்றவில்லை என்று சொல்லவும் முடியாது. 1768இல் கேப்டன் குக்கிடம் கடற்படைத் தலைமை கொடுத்த இரகசிய அறிவுறுத்தலில், அங்குள்ள மக்களின் சம்மதத்தோடு இடங்களைக் கைக்கொள் என்று இருந்தது. 1839இல் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்ட கடற்படை அதிகாரி ஹாப்சனுக்கும் சம்மதம் பெறச் சொல்லித்தான் எழுதினார்கள். இடையில் பிலிப்புக்கு எழுதியபோது அந்தப் பேச்சே இல்லை. பூர்வகுடிகள் பற்றிய பத்தி எங்கே போய் முடிகிறது என்றும் கவனியுங்கள்: அவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடு, அவர்களோடு பழகுவதைக் குடியேற்றத்துக்கு எப்படி ஆதாயமாக்கலாம் என்று எழுதி அனுப்பு.

இன்னொன்று. 1788 பிப்ரவரி 7 அன்று சிட்னி விரிகுடாக் கரையில் எல்லோரையும் கூட்டி வைத்து, குடியேற்றத்தின் நீதி அதிகாரி டேவிட் காலின்ஸ் உரக்கப் படித்தது பிலிப்பின் நியமனப் பத்திரத்தை. வடக்கே கேப் யார்க் முதல் தெற்கே டாஸ்மேனியாவின் முனை வரை, மேற்கே 135ஆம் தீர்க்கரேகை வரை எல்லாம் இவருடைய ஆட்சிக்கு உட்பட்டது என்று அது சொன்னது. கேட்டுக்கொண்டு நின்ற யாரும் அந்த மேற்கு எல்லையைக் கண்ணால் பார்த்ததில்லை. அதிகாரத்தைச் சொல்லும் பத்திரம் ஊரறியப் படிக்கப்பட்டது. அன்பாக நடக்கச் சொன்ன அறிவுறுத்தல்கள் கவர்னரின் பெட்டிக்குள் இருந்தன.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தூரம் பெரியதுதான். 1788 ஜனவரியில் கரையிறங்கியவர்கள், இங்கிலாந்திலிருந்து அடுத்த கப்பலைப் பார்க்க 1790 ஜூன் வரை காத்திருந்தார்கள். ஆனால் தூரத்தால் பிலிப் கட்டவிழ்ந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். எதைச் செய்வது, எதைத் தள்ளுவது என்று அவரே பொறுக்கினார். பசிபிக் தீவுகளிலிருந்து பெண்களைக் கொண்டுவந்து குடியேற்று என்று ஒரு வரி இருந்தது. அவர்கள் இங்கே வந்தால் துயரத்தில் வாடிச் சாவார்கள் என்று 1788 மே மாதமே எழுதிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்துக்குக் குந்தகம் வரக் கூடாதென்று, அதன் குடியிருப்புகளோடு தொடர்புகொள்ள உதவும் படகைத் தனியார் கட்டவே தடை இருந்தது. ஆனால் குடியேற்றம் பசியில் தவித்தபோது கவர்னரே அட்லாண்டிக் என்ற கப்பலைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்; 1792 ஜூனில் அது அரிசி, ரவை, பருப்போடு திரும்பியது.

பூர்வகுடிகள் விஷயத்திலும் இதே கதைதான். பழக வழி தேடு என்ற வரியை நிறைவேற்ற, 1788 டிசம்பர் கடைசியில் அரபானூ என்ற பூர்வகுடியைப் பிடித்துவரச் செய்தார். கையில் விலங்கு பூட்டி நட்பு! அடுத்த மே மாதம் அவர் பெரியம்மையில் இறந்தார். நவம்பரில் பென்னலாங்கையும் கோல்பியையும் அதே முறையில் பிடித்தார்கள். 1790 செப்டம்பரில், சிட்னி அருகே மேன்லியில் பிலிப்பின் தோளில் ஈட்டி பாய்ந்தது. பழிவாங்கக் கூடாது என்று தடுத்தார். அந்தப் பத்தி முழுமையாக உயிரோடு இருந்தது அப்போதுதான் என்று எனக்குப் படுகிறது.

அது மூன்று மாதம்தான் நீடித்தது. டிசம்பரில், கவர்னருக்காக வேட்டையாடும் மெக்கின்டயர் என்ற கைதியைப் பெமுல்வாய் என்ற பூர்வகுடி வீரர் ஈட்டியால் குத்தினார். பிலிப் படையனுப்ப முடிவு செய்தார். முதல் உத்தரவு: இருவரைப் பிடித்து வா, பத்துப் பேரைக் கொன்று தலையை வெட்டிக் கொண்டு வா. தலைகளுக்குப் பைகளும், வெட்டக் கோடரிகளும் தரப்பட்டன. படைக்குத் தலைமை தாங்கிய வாட்கின் டென்ச் பேசியதில், ஆறு பேரைப் பிடித்தால் போதும் என்று குறைந்தது. மன்னரின் தாளில் இப்படி ஒரு கட்டளை இல்லை. ஆனால் இதைத் தடுக்கும் வலுவும் அதில் இல்லை. காரணமின்றிக் கொல்லாதே என்றால், எது காரணம் என்று தீர்மானிப்பவர் கவர்னர்தானே? படை யாரையும் பிடிக்க முடியாமல் திரும்பியது வேறு விஷயம்.

ஆகவே கெடுத்தவர்கள் அங்கே போனவர்கள் மட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுத்தான் லண்டன் எழுதியிருக்கிறது. அதற்காக, மேலிடத்து உத்தரவு, வேறு வழியில்லை என்று யாரும் தப்பிக்கவும் முடியாது. அந்தப் படையில் போகச் சொன்னபோது வில்லியம் டாஸ் என்ற இளம் அதிகாரி மறுத்தார். பாதிரியாரோடு பேசிய பிறகு போனார். திரும்பி வந்ததும், போனதற்கு வருந்துகிறேன், இப்படி ஒரு உத்தரவுக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். குடியேற்றத்தில் தங்கிவிட அவருக்கு ஆசை இருந்தது. அப்படிச் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தால் பார்க்கலாம் என்றார் பிலிப். டாஸ் தெரிவிக்கவில்லை, 1791 டிசம்பரில் கப்பலேறினார்.