குமிழடி ரோல்ஸும் கொப்பித் தாள் வடையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரயிலில் வடையைப் பள்ளிக் கொப்பித் தாளில் சுற்றித் தருகிறார்கள். சாப்பிடலாமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: சட்டியிலிருந்து அப்போதே எடுத்த வடையைப் பற்றிப் பயமில்லை. தாள்தான் வில்லங்கம். யார் யார் கை பட்டதோ. எண்ணெய் வேறு மையை இளக்கிவிடும். நானுஓயாவில் நான் வாங்கிய வடையின் முதுகில் சிவப்பு மையில் ஒரு பிழைக் குறி பதிந்திருந்தது. ஏதோ பிள்ளைக்குத் தவறிய கணக்கு. பசி, தின்றுவிட்டேன். நீங்கள் ஒரு சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோங்கள்.

கேள்வி: நுவரெலியாக் குளிருக்கு ரோல்ஸ் பழுதாகாது என்கிறார் வண்டிக்காரர். கண்ணாடிப் பெட்டிக்குள் மின்குமிழும் எரிகிறது. நம்பலாமா?

பதில்: அந்தக் குமிழைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாளாகக் காத்திருந்தேன்! சமைத்த உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையேல் 5 பாகைக்குக் கீழே குளிர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. நமக்குப் பல் கிட்டுகிற 16 பாகைக் குளிரில் கிருமி கொஞ்சம் சோம்பும், அவ்வளவுதான். சோம்பிக் கிடப்பதைக் குமிழ் போட்டு எழுப்பி, இளஞ்சூட்டில் அடைகாக்கிறோம். கோழிக்குஞ்சுக்கு வைக்கிற அதே மஞ்சள் குமிழ்! கண்ணாடி உட்புறம் வியர்த்து, ரோல்ஸின் ஓரம் நமத்துப்போயிருந்தால் அது காலையில் பொரித்தது. உள்ளே மீனும் முட்டையும் இருப்பதை மறக்காதீர்கள். வண்டிக்காரரை மட்டும் திட்டவும் எனக்கு மனம் வராது. பக்கத்தில் ஒரு குழாய் இல்லாத இடத்தில் அவர் எங்கே கை கழுவுவார்? கண்முன்னே பொரிப்பதை, கொத்துவதை வாங்குங்கள். கொத்துரொட்டிக்கு ஊற்றும் குழம்பு கொதிக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

கேள்வி: கடை மூடும் நேரத்தில் பாதி விலைக்கு 20 கட்லட் வாங்கி, மறுநாள் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். ஆறு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். யாரிடம் முறையிடுவது?

பதில்: கண்ணாடி முன் நின்று முறையிடுங்கள். பிள்ளைகளை இன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பஸ் நிலையக் கடையில் பேரனுக்கு வாங்கிய யோகட்டில் திகதியைச் சுரண்டியிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். "தோட்டத்து ஆட்களுக்குத் திகதி எதற்கு" என்று சிரித்தார்கள். பில்லும் இல்லை. (தலவாக்கலை வாசகி)

பதில்: அம்மா, அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் கொதிக்கிறது. கோப்பையைக் கழுவாதீர்கள், எறியாதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அப்படியே காட்டுங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். எழுத்தில் கொடுப்பதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், 1987 முதல் அதுவும் அரச கரும மொழி. பில் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். வாங்கிய நாள், நேரம், கடை இருக்கும் இடம், சிரித்தவர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் மறக்குமுன் குறித்துவையுங்கள். இனி வாங்கும்போது பில் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம்.

கேள்வி: கையுறை போட்டு அன்னாசி அச்சாறு விற்பவரிடம் நம்பி வாங்கலாமா?

பதில்: அதே கையுறையால் மீதிச் சில்லறையும் எண்ணித் தருகிறாரா என்று பாருங்கள். தந்தால், கையுறை அவர் கை அழுக்காகாமல் இருக்கத்தான்.